டீனாவைப் பற்றி விசாரித்த வகையில்

ஜோகுபாளையம்,
பெங்களூரு.
வியாழக்கிழமை.

அன்புத் தங்கை அல்போன்சாவுக்கு,

உன் அண்ணன் சில்வெஸ்டர் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் இங்கே நானும் உன் அண்ணி மௌரீனும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பின்னால் நின்று எட்டிப் பார்த்த அவள், "முதல் வரியிலேயே பொய் எழுதாதீங்க" என்கிறாள். ஆகையால், இன்றைய தேதிக்கு நலம் என்று திருத்தி எழுதுகிறேன். கிருஷ்ணகிரியில் நீயும் மாப்பிள்ளையும், ஓசூரில் ஜாய்சனும் எந்தத் திருத்தமும் தேவைப்படாத நலத்தோடு இருக்க என் ஜெபம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் கேள்வி கேட்பாய், எனக்கு வரிசை குழம்பிவிடும். இப்போதே பாதி குழம்பித்தான் இருக்கிறது.

ஜாய்சனுக்கு வந்திருக்கும் சம்பந்தத்தைப் பற்றி நீ என்னிடம் இரண்டு கேள்விகளை ஒப்படைத்திருந்தாய். முதலாவது, பெண்ணின் பயோடேட்டாவில் "டீனா, ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்" என்று போட்டிருக்கிறதே, அப்படியென்றால் டாக்டரா, நர்ஸா, அல்லது டாக்டர் அறைக்கு வெளியே நின்று அடுத்த பெயரைக் கூப்பிடுகிறவளா. இரண்டாவது, அரசாங்க மருத்துவக் காப்பீட்டு அட்டையை அந்தப் பெண் ஏற்றுக்கொள்வாளா, ஏற்றுக்கொண்டால் நாளைக்கு நம் குடும்பத்துக்கு உதவியாக இருக்குமே என்பது. தாய்மாமன் என்ற முறையில் இந்தப் பொறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பீன்யாவில் முப்பது வருடம் பேரிங் கம்பெனியில் தர ஆய்வாளராக இருந்தவன் நான். ஒரு பொருளை நல்லது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு பக்கமும் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். "அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேக்கறதுதானே" என்று மௌரீன் சொன்னாள். போனில் கேட்டால் நல்லதைத்தான் சொல்வார்கள், நேரில் ஆளுக்குத் தெரியாமல் பார்ப்பதுதான் ஆய்வு என்று சொல்லிவிட்டு, பயோடேட்டாவில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு திங்கட்கிழமை காலை நோயாளி போலக் கிளம்பிப் போனேன். கையில் என் அரசாங்க அட்டையையும் எடுத்துக்கொண்டேன். ஒரே பயணத்தில் இரண்டு கேள்விக்கும் பதில் வாங்கிவிடலாம் என்று கணக்கு.

வாசலிலேயே குழப்பம் ஆரம்பித்தது. "டீனா இருக்காங்களா" என்று செக்யூரிட்டியைக் கேட்டேன். "டாக்டரம்மாவா? மூணாவது மாடி" என்றார். மூன்றாவது மாடியில் இருந்த பெண், "டீனா மேடம் டாக்டர் இல்ல அங்கிள், அவங்க பேர்ல டோக்கன் கிடையாது. கேசவ் சாரோட டீம். அவங்க முதல்ல பாப்பாங்க, அப்புறம் சார் பாப்பார்" என்றாள். அப்படியானால் கேசவ் சாருக்கே டோக்கன் கொடு என்றேன். என்ன உபாதை என்று கேட்டாள். வீட்டிலிருந்து தயாராகக் கொண்டு போயிருந்த வயிற்றுவலியைச் சொன்னேன். "கேசவ் சார் ஹார்ட் டாக்டர். வயித்துவலிக்கு ரெண்டாவது மாடி" என்றாள். நான் உடனே, வலி வயிற்றில்தான் தொடங்குகிறது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி நெஞ்சு வரைக்கும் வந்துவிடுகிறது என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டோக்கன் கொடுத்தாள்.

டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதற்கு முன் அட்டையை நீட்டினேன். அதற்குத் தனி மேசை இருந்தது, ரவிக்குமார் என்ற ஒருவர் உட்கார்ந்திருந்தார். கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகவே பேசினார். "ஓபிக்கு இந்த கார்டு ஆகல்ல சார். அட்மிட் ஆனாத்தான். அதுக்கும் மொதல்ல கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில இருந்து லெட்டர் தரணும்" என்றார். நான், "அதெல்லாம் இருக்கட்டும். ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் இந்த அட்டையை ஏத்துக்குவாங்களா, மாட்டாங்களா? அதை மட்டும் சொல்லுங்க" என்றேன். அவர் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆளு ஏத்துக்கறது இல்ல சார், ஆஸ்பத்திரி ஏத்துக்கறது. லெட்டர் இருந்தா. எமர்ஜென்சி ஆனா லெட்டரும் வேண்டா" என்றார். இதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டேன். அந்தக் காகிதம் பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை.

அதன் பிறகு டீனாவின் அறைக்கு அனுப்பினார்கள். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயோடேட்டா ஜெராக்ஸைப் படம் பிடித்தது, அதில் பெண்ணின் முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம்தான் இருந்தது. இங்கேயோ மூக்குக்கு மேல்தான் முகம், கீழே முகக்கவசம். கண்கள் நல்ல கண்கள். "உக்காருங்க அங்கிள்" என்று அழகாகத் தமிழில் சொன்னாள். சரி, விசாரணையைத் தொடங்குவோம் என்று நான் நினைத்த அதே நேரத்தில் அவளும் தன் விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

"எத்தனை நாளா வலிக்குது அங்கிள்?"

"நீங்க இந்த வேலைல எத்தனை வருஷமா இருக்கீங்கம்மா?"

"எட்டு வருஷம். வலி எத்தனை நாளா?"

"அதுவும் எட்டுன்னே வச்சுக்கங்க. என்ன படிச்சிருக்கீங்க?"

"பிஎஸ்சி ஃபிசிஷியன் அசிஸ்டென்ட். மூணு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில இன்டர்ன்ஷிப். எட்டு நாளா, எட்டு மாசமா?"

"நாளு. அப்ப நீங்க டாக்டரு."

"இல்ல அங்கிள்."

"நர்சு."

"அதுவும் இல்ல. நான் உங்களப் பாத்து, என்ன பிரச்சனைன்னு கேட்டு, எழுதி வைப்பேன். சார் வந்து பாத்து முடிவு பண்ணி கையெழுத்து போடுவார். ஆபரேஷன்ல சார் பக்கத்துல நிப்பேன். வார்டுல தினமும் வந்து பாப்பேன். எதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

பயோடேட்டாவில் நான்கு வருட அனுபவம் என்று போட்டிருக்கிறது, அவள் எட்டு என்கிறாள். உள்ளதில் பாதியைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அடக்கமான குடும்பம் என்று மனதில் ஒரு மதிப்பெண் போட்டேன். உங்கள் அப்பா பெயர் என்னம்மா என்று கேட்டேன். "என் அப்பா இருக்கட்டும் அங்கிள், உங்க அப்பா அம்மாவுக்கு ஹார்ட் பிராப்ளம் இருந்துதா? குடும்பத்துல வேற யாருக்காவது?" என்றாள். பார், அல்போன்சா, அவள் நம் குடும்பத்தைப் பற்றிக் கேட்கிறாள் என்றால் விஷயம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்றுதானே எனக்குத் தோன்றும். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "என் தங்கச்சி பையன் ரொம்ப ஆரோக்கியம். ஓசூர்ல வேலை. சிகரெட், தண்ணி ஒண்ணும் கிடையாது. ஞாயித்துக்கிழமை பூசைக்குத் தவறாம போவான்" என்றேன். அவள் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு படுக்கச் சொல்லி வயிற்றை அங்கங்கே அமுக்கிப் பார்த்தாள். அமுக்கும்போது வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. ஏனென்றால் அப்போதுதான் முக்கியமான கேள்வியைக் கேட்கத் துணிச்சல் வந்தது. "கல்யாணத்தைப் பத்தி உங்க அபிப்பிராயம் என்னம்மா?" என்று கேட்டேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் கடிகாரத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். வெட்கப்படுகிறாள் போலிருக்கிறது என்று நானும் பேசாமல் இருந்தேன். ஒரு முழு நிமிடம் போயிற்று. கையை விடாமல் மறுபடியும் ஒரு நிமிடம். நிதானமாக யோசித்துப் பதில் சொல்லும் பெண் என்று இன்னொரு மதிப்பெண் போட்டேன். கடைசியில், "அங்கிள், உங்களுக்கு அடிக்கடி தலை சுத்துதா?" என்றாள்.

இரண்டு மாதமாகச் சுற்றுகிறதுதான். புதுக் கண்ணாடி போட்டதால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோவிலில் நற்செய்தி வாசிக்கும்போது எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்ததையும், அல்சூர் மார்க்கெட்டிலிருந்து வரும்போது இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டதையும் மௌரீனிடம்கூட நான் சொல்லவில்லை. இவளிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். "பொதுவா ஒரு நிமிஷத்துக்கு எழுபது பக்கம் துடிக்கணும். உங்களுக்கு முப்பத்தாறுதான் இருக்கு. ஈசிஜி எடுத்துட்டு நேரா இங்கயே வந்து படுங்க. வேற எங்கயும் நடக்கக் கூடாது" என்றாள். பீன்யாவில் பாதி அளவில் ஒரு சரக்கு வந்தால் லாரியிலிருந்து இறக்கவே விட மாட்டோம். நானோ அந்த அளவில் இரண்டு மாதமாக பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஈசிஜி எடுத்தார்கள். அந்த நீளக் காகிதத்தைப் பார்த்துவிட்டு டீனா வேகமாக டாக்டரைக் கூப்பிடப் போனாள். எனக்கு என் இரண்டாவது கேள்வி நினைவுக்கு வந்தது. படுத்துவிட்டால் அட்டை விஷயம் அப்படியே நின்றுபோகுமே என்று மெதுவாக எழுந்து ரவிக்குமார் மேசைக்கு நடந்தேன். "அந்தப் பொண்ணே என்னைப் படுக்கச் சொல்லியிருக்கு, இப்ப ஏத்துக்குவீங்களா?" என்று கேட்டது வரை நினைவிருக்கிறது. பிறகு கண் திறந்தபோது நான் சக்கரக் கட்டிலில் போய்க்கொண்டிருந்தேன். டீனா பக்கத்தில் ஓடி வந்துகொண்டிருந்தாள். ரவிக்குமார் மறுபக்கத்தில் என் அட்டையோடு ஓடி வந்துகொண்டிருந்தார். நடந்து வந்தபோது ஆகாத அட்டை, விழுந்ததும் ஆகிவிட்டது. எமர்ஜென்சியாம், லெட்டர் வேண்டாமாம். ஆனால் நான்தான் நான் என்று நிரூபிக்க என் விரலை ஒரு கருவியில் வைத்தார்கள். ரேகை விழவில்லை. பத்து விரலும் வைத்தாயிற்று. முப்பது வருடம் இரும்பைத் தடவித் தடவி என் ரேகை பீன்யாவிலேயே தங்கிவிட்டது. "முகத்துல பாக்கலாம். சார், கண்ணு தெறந்து கேமரா பாருங்க" என்று ரவிக்குமார் கெஞ்சினார். எனக்கோ கண் சொருகிச் சொருகிப் போகிறது. டீனா குனிந்து என் காதருகே, "அங்கிள், ஒரு தடவை மட்டும் நல்லா கண்ணைத் திறந்து பாருங்க. அப்புறம் நான் பாத்துக்கறேன்" என்றாள். திறந்து பார்த்தேன். அரசாங்கம் என்னை ஏற்றுக்கொண்டது.

மௌரீன் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். "வயித்துவலின்னு நடிக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போனீங்க" என்று மட்டும் கேட்டாள், என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இதயத்தில் மேலிருந்து கீழே போக வேண்டிய கட்டளை வழியிலேயே நின்றுபோகிறது, பேஸ்மேக்கர் என்று ஒரு சின்னக் கருவி வைக்க வேண்டும் என்று கேசவ் டாக்டர் விளக்கினார். அவ்வளவு நல்ல டாக்டரிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, "டீனா எப்படிப்பட்ட பொண்ணு சார்?" என்பதுதான். அவர் ஈசிஜி காகிதத்தை என் முன்னால் காட்டி, "அவங்க கை வச்சுப் பாத்ததுனாலதான் இது என் கைக்கு வந்துது" என்றார்.

அன்று மாலையே கருவி வைத்தார்கள். மயக்க மருந்து முழுக்கக் கொடுப்பதில்லை, தோள் பக்கத்தை மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள். முகத்தை ஒரு பச்சைத் துணியால் மூடிவிடுகிறார்கள், ஒன்றும் தெரியாது, பேச்சுக் குரல் மட்டும் கேட்கும். தங்கச்சி, உன்னிடம் மறைக்க மாட்டேன், அந்தத் துணிக்குக் கீழே எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. மௌரீனிடம் ரேஷன் கார்டு இருக்கும் இடத்தைக்கூடச் சொல்லவில்லையே என்று நினைத்தேன். அப்போது துணி லேசாக உயர்ந்தது, டீனாவின் கண்கள் தெரிந்தன. நான், "ஒரு விஷயம் சொல்லணும்மா. எனக்கு வயித்துவலி இல்ல. பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும் அங்கிள். வலிக்கிற வயித்த யாரும் அப்படி அமுக்க விட மாட்டாங்க."

"தெரிஞ்சும் எதுக்கும்மா நாடி பாத்தீங்க?"

"எல்லாருக்கும் பாப்பேன். ஒரு முழு நிமிஷம். இப்பப் பேசாதீங்க."

துணியை இறக்கிவிட்டாள். அதன் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் குறைந்தது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில் உனக்கு போன் செய்ய வேண்டும் என்று மௌரீன் துடித்தாள். நான்தான் தடுத்தேன். தாய்மாமனுக்கே இதயம் சரியில்லை என்று பெண் வீட்டாருக்குத் தெரிந்தால் சம்பந்தம் நின்றுபோகும் என்று பயம். அந்தப் பெண்ணே என் இதயத்தைக் கண்ணால் பார்த்துவிட்டாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த அறிக்கையில், நோயாளி வந்தபோது சற்றுக் குழப்பமான நிலையில் இருந்தார், கேட்ட கேள்விகளுக்குத் தொடர்பில்லாத பதில்கள் சொன்னார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. எழுதியது டீனாதான், கீழே டாக்டர் கையெழுத்து. நாடி குறைந்தால் அப்படி ஆகுமாம். நான் அப்போது தெளிவாகத்தான் இருந்தேன் என்று மறுப்பு எழுதலாமா என்று யோசித்தேன். மறுத்தால் எதற்கு அப்படிப் பேசினேன் என்பதையும் எழுத வேண்டி வரும், அதனால் விட்டுவிட்டேன்.

ஆக, உன் கேள்விகளுக்கு என் பதில். முதலாவது, டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை, பெயர் கூப்பிடுகிறவளும் இல்லை. டாக்டருக்கு முன்னால் வந்து, டாக்டர் போன பின்னும் நிற்கிறவள். இரண்டாவது, அட்டையை அவள் ஏற்றுக்கொள்வதில்லை, ஆஸ்பத்திரிதான் ஏற்றுக்கொள்கிறது, அதுவும் நீ இருக்கும் நிலையைப் பொறுத்து. முப்பது வருடத்தில் நான் இவ்வளவு நிச்சயத்தோடு எந்தப் பொருளுக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல். அந்தப் பெண் நம் வீட்டுக்கு வர ஜாய்சன் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. ஜாய்சனுக்கு என் முத்தங்கள், முப்பது வயதானாலும் சொல். உங்கள் வீட்டு வாசல் வழியாக நல்ல செய்திகள் மட்டும் நுழைய ஆரோக்கிய மாதா துணையிருப்பாராக.

உன் அன்பு அண்ணன்,
சில்வெஸ்டர்.

பின்குறிப்பு: இது சனிக்கிழமை மாலை எழுதுவது. உறையை ஒட்டுவதற்குள் இன்று காலை தையல் காட்டப் போனோம். டீனாதான் பார்த்தாள், நன்றாக ஆறியிருக்கிறது என்றாள். மௌரீன் அதற்கு மேல் பொறுக்கவில்லை, "எங்க நாத்தனார் பையன் ஜாய்சன் விஷயமா உங்க வீட்டுல பேசிட்டிருக்காங்கம்மா" என்று போட்டு உடைத்துவிட்டாள். டீனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு ஆன்ட்டி. பொண்ணு யூகேஜி படிக்கிறா" என்றாள். இதே ஆஸ்பத்திரிக்கு ஊருக்கு அந்தப் பக்கம் இன்னொரு கிளை இருக்கிறதாம். அங்கேயும் ஒரு டீனா, அவளும் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட், இவளுக்கு நான்கு வருடம் இளையவள். நாம் கேட்டது அந்த டீனாவை. ஆகையால் மேலே நான் எழுதியதெல்லாம் வேறு ஒருவருடைய மனைவியைப் பற்றியது, அதை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதே. "நல்ல பொண்ணு அங்கிள். ஆனா நேரா கேளுங்க, வயித்துவலின்னு சொல்லிட்டுப் போகாதீங்க" என்று சொல்லி இவளே நம்பரைக் கொடுத்தாள். வெராண்டாவில் நின்றபடியே மௌரீன் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நான்கு நிமிடம் பேசினாள். படிப்பு, வேலை, குணம், கோவில், அவர்களுக்கு ஜாய்சனின் புகைப்படம் பிடித்துப்போனது, எல்லாம் தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு எல்லோரையும் வரச் சொல்கிறார்கள். நீங்கள் ஓசூர் வழியாக நேராக வந்துவிடுங்கள். என்னிடம் அங்கே வாயைத் திறக்கக் கூடாது என்று உன் அண்ணி சொல்லியிருக்கிறாள். திறக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெண் காபி கொடுக்க வரும்போது கையை மட்டும் நீட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், நாடி பார்க்கிறாளா என்று.